தலை கிறிஸ்துமஸும் ஒரு கழுத்துப் பட்டையும்

புது மாப்பிள்ளைக்கு மாமனார் வீட்டில் ஒரே ஒரு வேலைதான் உண்டு. சும்மா இருப்பது. போடுகிற சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டு, காட்டுகிற நாற்காலியில் உட்கார்ந்து, யாராவது ஏதாவது கேட்டால் சிரித்தால் போதும். எத்தனையோ பேர் இந்த வேலையை அருமையாகச் செய்திருக்கிறார்கள். படிப்பு தேவையில்லை, முன்னனுபவம் தேவையில்லை. அப்படிப்பட்ட வேலையில் சேர்ந்த மறுநாளே நான் கழுத்தெலும்பை உடைத்துக்கொண்டேன்.

மற்றவர்களுக்குத் தலை தீபாவளி போல எங்களுக்குத் தலை கிறிஸ்துமஸ். ஆரப்பாளையத்தில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து பழங்காநத்தத்தில் இருக்கும் மாமனார் வீட்டுக்கு, பண்டிகைக்குச் சில நாட்கள் முன்பாகவே பெட்டியைக் கட்டிக்கொண்டு போயிருந்தோம். கல்யாணமாகி நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. நான் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் வாத்தியார். மனைவி எஸ்தர் இன்சூரன்ஸ் ஆபீஸ் ஒன்றில் வேலை பார்த்தாள். அந்த நான்கு மாதத்தில் அவள் என்னிடம் பேசியதையெல்லாம் சேர்த்தால் ஒரு பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தில் எழுதிவிடலாம். "சரிங்க", "இருக்கட்டும்", "சாப்பிடுறீங்களா". நானோ பேசுவதற்காகவே சம்பளம் வாங்குகிறவன். அவள் விட்ட இடத்தையும் சேர்த்து நானே பேசித் தீர்த்தேன். நல்ல சாதுவான பெண், ஆனால் ஆத்திர அவசரத்துக்கு உதவ மாட்டாள் என்று மனதுக்குள் ஒரு முடிவும் கட்டி வைத்திருந்தேன். (வாத்தியார் புத்தி. பரீட்சை வைக்கும் முன்பே மார்க் போட்டுவிடுவது.)

அன்று காலை போர்டிகோவில் ஸ்டார் கட்ட வேண்டியிருந்தது. ஆள் உயரத்துக்கு ஒரு காகித ஸ்டார், உள்ளே பல்பு. எஸ்தரின் அண்ணன் ராபின், அதாவது என் மச்சான், அதே தெருவில் செல்போன் கடை வைத்திருப்பவர். அவர் தெளிவாகத்தான் சொன்னார்.

"எலெக்ட்ரீசியன் சாயங்காலம் வாரேன்னுருக்கான் மாப்ள. நீங்க உக்காருங்க, அவன் கட்டிருவான்."

ஒரு ஸ்டாரைக் கட்ட எலெக்ட்ரீசியனா என்று நான் வேட்டியை மடித்துக் கட்டினேன். ஏணியை நானே எடுத்துச் சாத்தினேன். எஸ்தர் கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டாள். நான் ஏறினேன். கொக்கி நான் நினைத்ததைவிட ஒரு முழம் தள்ளி இருந்தது.

"ரொம்ப எட்டாதீங்க" என்றாள் எஸ்தர்.

நான் ஏணியின் உச்சியில் நின்றுகொண்டு, ஒரு கையில் ஸ்டாருடன், அவளுக்குப் பாடம் எடுத்தேன். "எஸ்தர், ஒரு பொருளோட புவியீர்ப்பு மையம் அடிப்பரப்புக்குள்ள இருக்கிற வரைக்கும் அது விழாது. இதைப் பத்தாங்கிளாஸுக்கு வருஷா வருஷம் நடத்துறேன்."

நடத்தியதோடு நிறுத்தியிருக்கலாம். செய்முறை விளக்கமும் கொடுத்தேன். முதலில் மச்சானுடைய பைக் சீட்டின் மேலும், பிறகு வாசல் படியின் மேலும் விழுந்தேன். ஸ்டார் நிதானமாக, அதற்குரிய மரியாதையோடு, என் முகத்தின் மேல் வந்து இறங்கியது.

காகிதத்துக்குள்ளிருந்து "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று நான் சொன்னதாகச் சொல்கிறார்கள். எழுந்திருக்கத்தான் பார்த்தேன். பின்கழுத்தில் யாரோ சூட்டுக்கோலை வைத்தது போல இருந்தது. அப்படியே படுத்துவிட்டேன். எதிர்வீட்டுக்காரர் புத்திசாலித்தனமாக ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தார். வந்தவர்கள் என்னை ஒரு பலகையில் கிடத்தி, கழுத்தில் கெட்டியாக ஒரு பட்டையை மாட்டி, வைகைக்கு வடக்கே இருக்கும் ஒரு ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள்.

ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு டாக்டர் என் முகத்துக்கு நேராகக் குனிந்து பேசினார். "கழுத்தெலும்புல ஒரு எடத்துல உடைஞ்சிருக்கு. நல்ல வேளை, விலகல. நரம்புக்கு ஒண்ணும் ஆகல. ஆபரேஷன் தேவைப்படாதுன்னு நினைக்கிறேன். ஆனா எலும்பு சேர்ற வரைக்கும் கழுத்து அசையக் கூடாது."

"அசைஞ்சா என்ன சார் ஆகும்?"

"எலும்பு விலகி நரம்பை அழுத்துச்சுன்னா கை கால் வராமப் போயிரலாம்."

அவர் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். நான் அன்று முழுக்கக் கால் கட்டைவிரலை ஆட்டி ஆட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இருக்கிறதா, இருக்கிறது. இருக்கிறதா, இருக்கிறது. அந்தக் கட்டைவிரலை அதற்கு முன்னால் நான் ஒரு பொருட்டாக மதித்ததே இல்லை.

ஆம்புலன்ஸில் போட்ட பட்டையைக் கழற்றிவிட்டு, பல நாள் போட்டிருப்பதற்கென்றே உள்ள வேறொரு பட்டையை மாட்டினார்கள். அதை அங்கே எல்லோரும் காலர் என்றார்கள். முன்னால் ஒரு ஓடு, பின்னால் ஒரு ஓடு, இரண்டு பக்கமும் ஒட்டுப்பட்டை, உள்ளே மெத்தை போலப் பஞ்சுத் துண்டுகள். முகவாயைத் தாங்க ஒரு தட்டு. அதற்குள் தலையை வைத்துவிட்டால் ஆள் பூந்தொட்டியில் நட்ட செடி மாதிரி ஆகிவிடுகிறான். இடம் வலம் கிடையாது. எனக்குத் தெரிந்த உலகம் ஒரு மின்விசிறியும், அதைச் சுற்றியிருந்த கூரையும், அவ்வப்போது அதன் குறுக்கே வந்து எட்டிப் பார்க்கும் முகங்களும்தான். முகங்களும் மூக்குத் துவாரங்கள் வழியாகத்தான் தெரியும். என் மாமனாரை இன்றும் அந்தக் கோணத்தில்தான் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

அந்த வார்டில் பகல் ஷிப்டில் இருந்தவர் மும்தாஜ் சிஸ்டர். கோரிப்பாளையத்துக்காரர். காலையும் மாலையும் இன்னொரு நர்ஸைக் கூட்டிக்கொண்டு வருவார். அந்த நர்ஸ் என் தலைமாட்டில் நின்று, முழங்கைகளைக் கட்டிலில் ஊன்றி, இரண்டு உள்ளங்கைகளாலும் என் தலையை அசையாமல் பிடித்துக்கொள்வார். அதன் பிறகுதான் சிஸ்டர் ஒட்டுப்பட்டையைத் தொடவே செய்வார். முன் ஓட்டை எடுத்து, முகவாய்க்குக் கீழே, காதுக்குப் பின்னால், காறையெலும்பின் மேல், பின்னந்தலையில் என்று விளக்கடித்துப் பார்ப்பார். ஈரத்துணியால் துடைத்து, உலர்ந்த துணியால் ஒற்றி எடுத்து, நனைந்த பஞ்சுத் துண்டை மாற்றிவிட்டுத் திரும்ப மாட்டுவார்.

"பவுடர் போட்டா நல்லா இருக்கும்ல சிஸ்டர்" என்று என் மாமியார் ஒருநாள் கேட்டார்.

"வேணாம்மா. வேர்வையில களியாகி அதுவே உறுத்தும். எண்ணெயும் வேணாம், க்ரீமும் வேணாம். உள்ள எதையும் வைக்கவும் வேணாம். சுத்தமா, ஈரமில்லாம இருந்தாப் போதும்." பிறகு என் பக்கம் குனிந்தார். "சார், அரிச்சாலும் சொல்லணும். ஈரமா இருந்தாலும் சொல்லணும். எங்கயாவது குத்துற மாதிரி இருந்தாலும் சொல்லணும். பல்லைக் கடிச்சுக்கிட்டு இருக்கக் கூடாது."

"சரிங்க சிஸ்டர்" என்றேன், பல்லைக் கடித்துக்கொண்டு. அரித்தது. அரிப்பதாக ஒரு ஆம்பளை எப்படிச் சொல்வது?

இதற்கிடையில் தாடிப் பிரச்சினை. எனக்கு அப்போது ஒரு தாடி இருந்தது. பெண் பார்க்கப் போவதற்கு ஆறு மாதம் முன்பிருந்தே வளர்த்து, உரம் போட்டு, தண்ணீர் ஊற்றி, சீப்பால் சீவிப் பராமரித்தது. அதன் அடியில் முகவாய் என்று சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் இல்லை என்பது எனக்கும் என் அம்மாவுக்கும் மட்டும் தெரிந்த ரகசியம்.

"இதை எடுத்துரணும் சார்" என்றார் மும்தாஜ் சிஸ்டர் முதல் நாளே. "இதுக்குள்ள வேர்வையும் சாப்பாடும் தங்கும். தோலும் சரியாத் தெரிய மாட்டேங்குது. அங்க புண்ணு வந்துச்சுன்னா காலர் போட முடியாது. காலர் போடலன்னா கழுத்து என்னாகும்னு டாக்டர் சொன்னார்ல?"

"கிறிஸ்துமஸ் முடியட்டும் சிஸ்டர்."

"கிறிஸ்துமஸுக்கும் தாடிக்கும் என்ன சார் சம்பந்தம்?"

"சர்ச்சுலேர்ந்து எல்லாரும் பாக்க வருவாங்க."

அவர் எஸ்தரைப் பார்த்தார். எஸ்தர் என்னைப் பார்த்தாள். வழக்கம் போல ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் சிஸ்டர் தலையைப் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தபோது மட்டும் முன்னால் வந்து நின்று கவனித்தாள். வீட்டுக்குப் போன பிறகு இதை அவள்தான் யாரையாவது சேர்த்துக்கொண்டு செய்யவேண்டியிருக்கும் என்பதால், அங்கிருக்கும்போதே பழக்கிவிட்டார்கள். "முழங்கைய ஊனிக்கங்கம்மா. விரல் அழுத்தக் கூடாது, உள்ளங்கைதான் பிடிக்கணும். நான் விடச் சொல்ற வரைக்கும் விடாதீங்க." எஸ்தர் உள்ளங்கைகளைச் சேலையில் இரண்டு தடவை துடைத்துக்கொண்டுதான் வைத்தாள். இவள் எங்கே பிடிக்கப் போகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். (மறுபடியும் அதே மார்க்.)

கிறிஸ்துமஸ் அன்று காலையில் சிஸ்டர் வந்து துடைத்து, பஞ்சு மாற்றி, மினுக்கென்று என்னை ஆக்கிவிட்டுப் போனார். எஸ்தர் ஆராதனைக்குப் போய்விட்டு, சர்ச் ஆட்களோடு சாயங்காலம் வருவதாக ஏற்பாடு. பகலில் எனக்குத் துணை மச்சான் ராபின். அவர் வரும்போதே கையில் ஒரு பிளாஸ்க் இருந்தது.

"என்ன மச்சான் அது?"

"பருத்திப்பால் மாப்ள. பண்டிகையும் அதுவுமா நீங்க இப்பிடிக் கஞ்சியக் குடிச்சுக்கிட்டுக் கெடக்குறது எனக்கு மனசு கேக்கல. நம்மாளுகிட்டச் சொல்லி ஸ்பெஷலா போடச் சொன்னேன்."

வெளியூர்க்காரர்களுக்கு: பருத்திக்கொட்டையை ஆட்டிப் பால் எடுத்து, கருப்பட்டி, சுக்கு, ஏலக்காய் எல்லாம் போட்டுக் காய்ச்சுவது. பால் என்று பெயரே தவிர, கூழுக்கும் பாகுக்கும் நடுவில் இருக்கும். மேலே தேங்காய்த் துருவல். அந்த வாசனை வார்டு முழுக்கப் பரவியது. அடுத்தடுத்த கட்டில்காரர்கள் பெருமூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

கட்டிலின் தலைப்பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்தி, உறிஞ்சு குழாய் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க எனக்கு அனுமதி உண்டு. ஆனால் பருத்திப்பால் உறிஞ்சு குழாய்க்குள் ஏறுகிற ஜாதி இல்லை. இரண்டாவது உறிஞ்சலில் தேங்காய்த் துருவல் அடைத்துக்கொண்டது. மச்சான் குழாயைத் தூக்கிப் போட்டுவிட்டு டம்ளரை என் உதட்டில் வைத்தார்.

"பைய ஊத்துங்க மச்சான்."

"பையத்தான் ஊத்துறேன். அன்னைக்கு நீங்க விழுந்தீங்களே மாப்ள, ஸ்டாருக்குள்ளேர்ந்து தலை மட்டும் தெரிஞ்சுச்சு. எங்கப்பா, ஏசு பொறந்தப்ப ஸ்டாரப் பாத்து வந்த மூணு ராஜாவுல ஒருத்தர் வந்துட்டார்னு நெனச்சாரு."

நான் சிரித்திருக்கக் கூடாது. டம்ளரில் பாதி என் தாடி வழியாக இறங்கி, முகவாய்த் தட்டைத் தாண்டி, காலருக்குள் போய்ச் சேர்ந்தது. கழுத்தைச் சுற்றி இளஞ்சூடாக, சுகமாகக்கூட இருந்தது.

மச்சான் பதறிப்போய்த் தன் கைக்குட்டையை எடுத்து மேலாகத் துடைத்தார். துடைத்தது போதவில்லை என்று கைக்குட்டையை நான்காக மடித்து முகவாய்க்கும் தட்டுக்கும் நடுவில் செருகினார். "இப்பப் பாருங்க, ஈரத்தை அம்புட்டையும் இது உறிஞ்சிரும். மெத்துன்னும் இருக்கும்."

உண்மையிலேயே மெத்தென்றுதான் இருந்தது.

"சிஸ்டர்கிட்டச் சொல்லிருவமா மாப்ள?"

"வேணாம் மச்சான். சாயங்காலம் அவங்களே மாத்துவாங்கள்ல."

சிறிது நேரத்தில் மும்தாஜ் சிஸ்டர் வாசலில் நின்றே கேட்டார். "சார், எல்லாம் ஓகேவா? ஈரம், அரிப்பு ஏதும் இருக்கா?"

"ஒண்ணுமில்ல சிஸ்டர்" என்றோம் இருவரும் ஒரே குரலில். மச்சான் பிளாஸ்கைக் காலால் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். மதுரையில் கருப்பட்டியை எவ்வளவு நேரம் கேட்பாரற்று விட்டுவைக்கலாம் என்பதை இரண்டு பேருமே யோசிக்கவில்லை.

சாயங்காலம் சிஸ்டர் பஞ்சு மாற்ற வருவதற்குள் சர்ச்சிலிருந்து வந்துவிட்டார்கள். போதகர், அவர் மனைவி, கமிட்டிக்காரர்கள், பாட்டுக் குழு என்று கட்டிலைச் சுற்றி நின்றார்கள். என் கண்ணுக்கு வட்டமாக ஒரு மூக்கு வரிசை தெரிந்தது. கால்மாட்டில் எஸ்தர், கேக் தட்டோடு நின்றாள். வார்டில் எல்லோருக்கும் கேட்கும்படி, ஆனால் தொந்தரவு இல்லாதபடி, மெல்லிய குரலில் ஒரு பாட்டுப் பாடினார்கள். மற்ற கட்டில்களில் இருந்தவர்களும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கு மனம் நெகிழ்ந்துவிட்டது. பிறகு போதகர் எல்லோரையும் கண்களை மூடச் சொன்னார்.

அவர் நீளமாக ஜெபிக்கிறவர். என் பிறப்பில் தொடங்கி, பள்ளிக்கூடத்தைக் கடந்து, கல்யாணத்துக்கு வந்து, ஏணி வரைக்கும் வந்துவிட்டார். "ஆண்டவரே, இந்தச் சகோதரனுடைய கழுத்தை நீரே தொட்டருளும்" என்றார்.

அந்த நொடியில் என் கழுத்தில் ஏதோ தொட்டது.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. நான் பெரிய பக்திமான் இல்லை. ஆனாலும் அப்படி ஒரு உடனடிப் பதிலை யாரும் எதிர்பார்க்க மாட்டார்கள். மென்மையாக, இறகால் வருடுவது போல, இடது காதுக்குக் கீழிருந்து வலது பக்கமாக அது நகர்ந்தது. பிறகு திரும்பி வந்தது. பிறகு இரண்டு இடத்தில் நகர்ந்தது. பிறகு ஏழெட்டு இடத்தில். பரிசுத்தமான எதுவும் இப்படி வரிசையாகப் போகாதே என்று எனக்குச் சந்தேகம் வந்தபோது முதல் கடி விழுந்தது.

செவ்வெறும்பு.

"ஸ்ஸ்" என்றேன்.

"ஸ்தோத்திரம்" என்றார் பக்கத்தில் நின்றவர்.

அடுத்து நாலைந்து கடி. என் கண்களிலிருந்து தண்ணீர் இரண்டு பக்கமும் வழிந்தது. போதகரின் மனைவி மெதுவாக, "பாவம், உருகுறாரு" என்று சொன்னது கேட்டது. போதகருக்கு அது உற்சாகமாகிவிட்டது. குரலை உயர்த்தினார். எறும்புகளும் முன்னேறின.

எவ்வளவு நேரம் தாங்கினேன் என்று தெரியவில்லை. ஒரு கட்டத்தில் எனக்கு டாக்டர் சொன்னது, சிஸ்டர் சொன்னது, கட்டைவிரல் எல்லாம் மறந்துவிட்டது. "கழட்டு, கழட்டு" என்று அலறினேன். என் கை தானாகப் போய் ஒட்டுப்பட்டையைப் பிடித்து இழுத்தது. சர்ர் என்று அது பிரிகிற சத்தம் கேட்டது. முன் ஓடு ஒரு பக்கம் தூக்கிக்கொண்டது.

கமிட்டியில் இருந்த பருமனான அண்ணன் ஒருவர் உதவுகிற மனசுக்காரர். "மூச்சு முட்டுது போல. கழட்டிரு, கழட்டிரு" என்று மறுபக்க ஒட்டுப்பட்டையில் கை வைத்தார். இன்னொருவர் என் தோளைத் தூக்கி உட்காரவைக்கப் பார்த்தார். நான் தலையைப் புரட்ட ஆரம்பித்தேன்.

கேக் தட்டு தரையில் விழுந்து உடைகிற சத்தம் கேட்டது. அடுத்ததாக என் தலையின் இரண்டு பக்கமும் இரண்டு உள்ளங்கைகள் வந்து நின்றன. இரும்புக் கைகள் என்றுதான் முதலில் நினைத்தேன்.

"கைய எடுங்க." எஸ்தரின் குரல்தான். ஆனால் நான் அதுவரை கேட்டிராத குரல். "அண்ணே, உங்களத்தான். அவர் மேலேர்ந்து கைய எடுங்க."

பருமனான அண்ணன் கையை எடுத்தார். கூடவே போதகரும் எடுத்தார். அவர் வைத்திருந்தது ஆசீர்வாதத்துக்காக.

"எஸ்தர், எறும்பு, எறும்பு கடிக்குது, விடு."

"தெரியுது. என் கையிலயும்தான் கடிக்குது. அசையாதீங்க."

"முடியல எஸ்தர்."

"முடியும். என் மூஞ்சியப் பாருங்க. கண்ண மூடாதீங்க, என்னையப் பாருங்க. நீங்க அசைஞ்சீங்கன்னா நான் உங்களக் கட்டில்லயே வெச்சு வாழ்நாள் பூராப் பாக்கணும். பாப்பேன். ஆனா எனக்கு அது வேணாம். அசையாதீங்க."

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். தலைகீழாகத் தெரிந்தது. அவள் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் எறும்புகள் வரிசையாக ஏறிக்கொண்டிருந்தன. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாளே தவிர, உள்ளங்கை ஒரு நூல்கூட விலகவில்லை.

"ராபின் அண்ணே, சிஸ்டரக் கூப்பிடு. ஓடு. மத்தவங்க எல்லாம் வெளிய போங்க. ஐயா, நீங்களும்தான்."

போதகர் ஜெபத்தை எந்த இடத்தில் விட்டார் என்று தெரியாமல், "ஆமென்" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியேறினார்.

மும்தாஜ் சிஸ்டர் ஓடி வந்தார். எஸ்தரின் கைகளைப் பார்த்தார். "பிடிச்சுக்கங்கம்மா, இப்ப விட்டா மாத்திப் பிடிக்கிறப்ப அசையும். கொஞ்சம் தாங்குவீங்களா?"

"தாங்குவேன் சிஸ்டர்."

முன் ஓட்டை எடுத்தார்கள். மச்சானின் கைக்குட்டை வெளியே வந்தது. அதன் நிறம் தெரியவில்லை, அவ்வளவு எறும்பு. சிஸ்டர் அதை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தார். மச்சான் தானாகவே கட்டிலுக்கு அடியிலிருந்து பிளாஸ்கை எடுத்து மேஜை மேல் வைத்தார்.

துடைத்தார்கள், கழுவினார்கள், ஒற்றி எடுத்தார்கள். தாடியை ஒரு வார்த்தை கேட்காமல் அங்கேயே வழித்தார்கள். வழித்த பிறகுதான் தெரிந்தது. முகவாய்க்கு அடியில் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குத் தோல் சிவந்து, உரியத் தயாராக இருந்தது. எறும்பு கடித்தது அல்ல. வேர்வையும் அழுத்தமும் சேர்ந்து நாலைந்து நாளாகத் தாடிக்குள் மறைவாக வந்துகொண்டிருந்தது. "இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா இது குழியாயிருக்கும் சார்" என்றார் சிஸ்டர். அவர் திட்டியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். புதுப் பஞ்சு வைத்து, காலரை அளவாக மாட்டி, இரண்டு பக்கமும் சரிபார்த்த பிறகுதான் சொன்னார். "விடுங்கம்மா."

எஸ்தருக்குக் கைகளை உடனே எடுக்க முடியவில்லை. விறைத்துப் போயிருந்தன. சிஸ்டர் ஒவ்வொரு விரலாகப் பிரித்துவிட்டார்.

டாக்டர் வந்தார். விரலை மடக்கச் சொன்னார், காலைத் தூக்கச் சொன்னார், பாதத்தில் கீறிப் பார்த்தார். மறுபடியும் ஸ்கேனுக்கு அனுப்பினார். அந்த ஸ்கேன் முடிவு வருகிற வரைக்கும் யாரும் பேசவில்லை. நானும் பேசவில்லை, அது எங்கள் குடும்பத்தில் இன்றுவரை ஒரு சாதனை. எலும்பு இருந்த இடத்திலேயே இருக்கிறது என்று டாக்டர் வந்து சொன்னபோது மச்சான் சுவர் ஓரமாக உட்கார்ந்து அழுதார். டாக்டர் எஸ்தரைப் பார்த்துச் சொன்னார். "நீங்க அந்த நேரத்துல பிடிக்காம இருந்திருந்தா நான் இப்ப வேற செய்தி சொல்லிக்கிட்டு இருந்திருப்பேன்."

எல்லோரும் போன பிறகு எஸ்தர் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றாள். கைகளில் சிஸ்டர் கொடுத்த மருந்து பூசியிருந்தது. மணிக்கட்டு எது, முழங்கை எது என்று தெரியாதபடி வீங்கியிருந்தது.

"ரொம்பக் கடிச்சுச்சா?" என்றேன்.

"கடிக்காம? நீங்களாவது அழுதீங்க. எனக்குக் கண்ணத் தொடைக்கக்கூடக் கை இல்ல. அதுல மூக்கு வேற அரிச்சுச்சு."

பிறகு முதல் தடவையாக என் முகத்தை நன்றாகக் குனிந்து பார்த்தாள். பெண் பார்க்க வந்த நாளிலிருந்து அவள் பார்த்தது தாடியைத்தான். காலரின் தட்டில், தாடி போன பிறகு மிச்சமிருந்த என் முகவாய், இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தது. அவள் உதடு துடித்தது.

"இம்புட்டுத்தானா?" என்றாள்.

சிரிக்க ஆரம்பித்தாள். வீங்கிய கைகளை இரண்டு பக்கமும் விரித்து வைத்துக்கொண்டு, வாயைப் பொத்த முடியாமல், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. "அசையாதீங்க" என்று அதட்டிவிட்டு மறுபடியும் சிரித்தாள். என் மனைவி சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான் முதல் முறை.

வீட்டுக்கு வந்த பிறகும் காலர் மாசக்கணக்கில் கூடவே இருந்தது. காலையும் மாலையும் நான் நேராகப் படுத்துக்கொள்ள, மச்சான் வந்து தலையைப் பிடித்துக்கொள்வார். (அந்த வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். கடைசி நாள் வரை ஒரு நாள் தவறவில்லை. ஒரு முறைகூட ஜோக் சொல்லவில்லை.) எஸ்தர் துடைப்பாள். காதுக்குப் பின்னால் விரல் வைத்துப் பார்ப்பாள். "இங்க உறுத்துதா? நெசமாச் சொல்லுங்க." நான் நிஜமாகவே சொல்லப் பழகினேன். உறுத்தினால் உறுத்துகிறது என்றும், அரித்தால் அரிக்கிறது என்றும். அப்படியே பயமாக இருந்தால் பயமாக இருக்கிறது என்றும். தலையைத் திருப்ப வழியில்லாத ஆளிடம் பேசுவது அவளுக்கும் எளிதாக இருந்தது போல. ஆபீஸ் கதை, காலேஜ் கதை, நான் பெண் பார்க்கப் போன அன்று என் தாடியில் மிக்சர் ஒட்டியிருந்த கதை எல்லாம் அந்த மாதங்களில்தான் வெளியே வந்தன. பட்டையைக் கழற்றிய அன்று மும்தாஜ் சிஸ்டரைத் தேடிப் போய்ப் பார்த்தோம். அவர் முதலில் என் முகவாய்க்கு அடியைத் தடவிப் பார்த்தார். தழும்பு இல்லை. அதன் பிறகுதான் நலமா என்று கேட்டார். அவரையும், எதிர்வீட்டுக்காரரையும், என்னைத் தூக்கிப் போன ஆம்புலன்ஸ்காரர்களையும் நினைக்காமல் நான் கட்டைவிரலைப் பார்ப்பதில்லை.

இப்போது கழுத்து நன்றாகத் திரும்புகிறது. முகவாய் அப்படியேதான் இருக்கிறது, மூடி மறைப்பதில்லை. எங்கள் போதகர் வீட்டுக்கு வந்தால் ஒரு கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டுதான் எனக்காக ஜெபிக்கிறார். கழுத்தைத் தொடச் சொல்லி அவர் கேட்பதே இல்லை, பொதுவாக ஆசீர்வதிக்கச் சொல்கிறார்.

வீட்டில் நடப்பது இதுதான். பேப்பர் திருத்தும்போது நான் கத்தினாலோ, பஸ்ஸைத் தவறவிட்டுவிட்டுக் குதித்தாலோ, எங்கள் மகள் உள்ளே பார்த்து நிதானமாகச் சொல்வாள். "அம்மா, அப்பாவுக்கு எறும்பு."

எஸ்தர் அடுப்படியிலிருந்து வருவாள். வெங்காய வாசனை அடிக்கும் இரண்டு கைகளாலும் என் தலையை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு, "என்னையப் பாருங்க" என்பாள்.

நான் பார்ப்பேன்.